எழும்பூரில் அறை எடுக்கும்போது முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்

பாண்டியன் எக்ஸ்பிரஸ் எழும்பூரில் வந்து நின்றபோது காலை மணி 5.30. 2025-ஆம் வருடத்தின் தொடக்கம். ஒரு கையில் துணிப்பை, இன்னொரு கையில் மகளின் அசல் சான்றிதழ்கள் இருந்த ஃபைல். குரூப் 4 தேர்வு எழுதித் தேறி, கலந்தாய்வுக்கு அழைப்பு வந்திருந்தது. 8.30 மணிக்கு டி.என்.பி.எஸ்.சி. அலுவலகத்தில் இருக்க வேண்டும். அதற்குள் குளித்து, நல்ல புடவை கட்டி, இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும் என்பதற்காகத்தான் ஸ்டேஷனை ஒட்டி ஒரு ஹோட்டலில் அறை போட்டிருந்தோம். புதுசாகக் கட்டிய ஹோட்டல். போட்டோவில் வெள்ளை வெளேரென்று படுக்கை, கண்ணாடிக் குளியலறை, ஒரு நாளைக்கு 1,800 ரூபாய். திண்டுக்கல்லில் உட்கார்ந்து பார்க்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்க புக்கிங் இன்னைக்குத்தான் மேடம், செக்-இன் பன்னெண்டு மணிக்கு" என்றாள். நான் அப்போதும் புரியாமல், "இன்னைக்குத்தான்மா, அதான் வந்துட்டோமே" என்றேன். அவள் பொறுமையாகவே சொன்னாள். நேற்று இரவு தங்கியவர்கள் 11 மணி வரை இருப்பார்கள், அப்புறம் அறையைச் சுத்தம் செய்ய வேண்டும், 12 மணிக்கு முன் தர ஒரு அறைகூடக் காலி இல்லை. காலியாக இருந்தாலும் அரை நாள் வாடகை தனியாகத் தர வேண்டும். அவள் சொன்னதில் தப்பே இல்லை. நாங்கள் பணம் கட்டியிருந்தது அன்று பகல் 12 மணியிலிருந்து மறுநாள் 11 மணி வரைக்கும். எங்களுக்கு அறை தேவைப்பட்டதோ அன்று காலை 5.30-லிருந்து 7.30 வரை.

தெற்கிலிருந்து சென்னைக்கு ராத்திரி வண்டியில் வருகிற எல்லோருக்கும் இந்தச் சிக்கல் உண்டு. பாண்டியன், நெல்லை, பொதிகை, முத்துநகர், கன்னியாகுமரி, மலைக்கோட்டை என்று எந்த வண்டியில் ஏறினாலும் அதிகாலையிலோ காலையிலோதான் இறங்குகிறோம். பழைய லாட்ஜ்களில் இது ஒரு பிரச்சினையாகவே இருந்ததில்லை. கென்னட் லேன் பக்கம் பல வருடங்களுக்கு முன் என் அப்பாவோடு தங்கியிருக்கிறேன். அங்கெல்லாம் 24 மணி நேரக் கணக்கு. காலை ஆறுக்குச் சாவி வாங்கினால் மறுநாள் காலை ஆறு வரை அறை நம்முடையது. ரயில் நேரத்துக்கு ஏற்ற மாதிரி யாரோ யோசித்து வைத்த கணக்கு அது. புது ஹோட்டல்கள் பெரிய ஹோட்டல்களின் வழக்கத்தைப் பிடித்துக்கொண்டன. பகல் 12 மணிக்கு உள்ளே, மறுநாள் 11 மணிக்கு வெளியே. இடம் ஸ்டேஷன் வாசல், கணக்கு மட்டும் விமானத்தில் வருகிறவர்களுடையது. பெயர்ப் பலகையிலேயே '24 மணி நேர செக்-அவுட்' என்று எழுதி வைத்திருக்கிற இடங்கள் எழும்பூரில் இன்னும் இருக்கின்றன. அந்த ஒரு வரி எனக்கு ஏ.சி.யைவிடப் பெரிது.

அன்றைக்கு என்ன செய்தோம் என்றால், பையை ஹோட்டலிலேயே வைத்துவிட்டுத் திரும்ப ஸ்டேஷனுக்கு நடந்தோம். பெண்கள் காத்திருப்பு அறையில் குளியலறைக்கு வரிசை. எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர். ஒரு கர்ப்பிணிப் பெண், கூடவே அவளுடைய மாமியார். எழும்பூர் மகப்பேறு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். ஈரத் தரையில் புடவை படாமல் இருக்க, கதவுக்கு வெளியே நின்றுகொண்டு முந்தானையை நான் பிடித்துக்கொள்ள, மகள் உள்ளே நின்று கட்டினாள். அந்தப் புடவையின் ரவிக்கையை ஒரு வாரம் முன்னால் நானே தைத்துக் கொக்கி வைத்திருந்தேன். நாலு வருடம் படித்துப் படித்து அவள் வந்து சேர்ந்த நாள். அன்று அவளை அந்த ஈரத்தில் நிற்க வைத்தது எனக்கு இப்போது நினைத்தாலும் ஆறவில்லை. அவளோ, "விடும்மா, ரேங்க்கை அதுல யாரும் குறைக்க மாட்டாங்க" என்று சொல்லிவிட்டுத் தலையைத் துவட்டினாள்.

எழும்பூரிலிருந்து டி.என்.பி.எஸ்.சி. அலுவலகத்துக்கு ஆட்டோவே வேண்டாம். கடற்கரை போகும் மின்ரயிலில் ஏறினால் பூங்கா நிலையம், அதற்கடுத்துக் கோட்டை. கோட்டை நிலையத்திலிருந்து நடக்கிற தூரம்தான். டிக்கெட் ஐந்து ரூபாய். கலந்தாய்வுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எழும்பூரில் தங்கினால் காலை நெரிசலில் சாலையை நம்பாதீர்கள், தண்டவாளத்தை நம்புங்கள்.

இடம் கிடைத்துவிட்டது. திரையில் ஓடிய காலியிடப் பட்டியலைப் பார்த்து, சென்னையிலேயே ஒரு துறையில் இளநிலை உதவியாளர் இடத்தைத் தேர்ந்தெடுத்தாள். மத்தியானம் 2 மணிக்குத்தான் ஹோட்டல் அறைக்குள் நுழைந்தோம்.

அறையைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் இருபது வருடமாகத் தையல் கடை வைத்திருப்பவள். எந்த அறைக்குப் போனாலும் கை முதலில் துணிக்குத்தான் போகும். படுக்கை விரிப்பின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தேன். பருத்தியும் பாலியெஸ்டரும் கலந்த துணி, மடிப்புத் தையல் நேராக, இழை பிரியாமல் இருந்தது. நன்றாகச் சலவை செய்து தேய்த்த துணி தொட்டால் மொறமொறவென்று இருக்கும், ஆனால் மூக்கருகே கொண்டுபோனால் வாசனை எதுவும் இருக்கக் கூடாது. வாசனைத் திரவியம் அடித்திருந்தால் எதையோ மறைக்கிறார்கள் என்று அர்த்தம். தலையணை உறையைக் கழற்றி உள்ளே இருக்கும் தலையணையைப் பாருங்கள். விரிப்பைத் தினமும் மாற்றுவார்கள், தலையணையை மாற்ற மாட்டார்கள். அது மஞ்சள் பூத்திருந்தால் கூச்சப்படாமல் வேறு கேளுங்கள். கேட்டால் தருகிறார்கள். கனமான பஞ்சுப் போர்வையான ரஜாய்க்கும் உறை உண்டா, இல்லை ரஜாயை அப்படியே போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். உறை இல்லாவிட்டால் இன்னொரு வெள்ளை விரிப்பு வாங்கி இடையில் போட்டுக்கொள்ளுங்கள். இதையெல்லாம் பையைத் திறப்பதற்கு முன்னாலேயே செய்துவிட வேண்டும். சாமானைப் பரப்பிவிட்டால் அறை மாற்றிக் கேட்க மனசு வராது.

மற்றபடி அறை சின்னது. கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே ஒருத்தர் பக்கவாட்டில் நடக்கலாம். அலமாரிக்குப் பதிலாகச் சுவரில் நாலு கொக்கி, மடக்கி வைக்கிற மேஜை. எனக்கு இது பிடித்திருந்தது. இரண்டு நாளைக்கு வருகிறவளுக்கு அலமாரி எதற்கு? வேண்டியதை மட்டும் வைத்து, அதைச் சுத்தமாக வைத்து, விலையைக் குறைவாக வைப்பது என்கிற இந்த யோசனை இந்தியாவில் பெரிய அளவில் 2004-இல் பெங்களூரில் டாட்டா குழுமம் தொடங்கிய ஹோட்டலோடு வந்தது. இண்டிஒன் என்ற பெயரில் தொடங்கி, பிறகு ஜிஞ்சர் ஆனது. அதற்குப் பின்னால் இருந்த சிந்தனையில் நம் கோயம்புத்தூரில் பிறந்த நிர்வாகவியல் பேராசிரியர் சி. கே. பிரகலாத்துக்கும் பங்கு உண்டு. இன்றைக்குப் பெயர் தெரியாத சின்ன ஹோட்டல்கள்கூட அதே அச்சில்தான் வருகின்றன: வெள்ளை விரிப்பு, கெட்டில், கார்டு சாவி, வைஃபை.

கார்டு சாவி பழகாதவர்களுக்கு ஒன்று. கதவருகே சுவரில் இருக்கும் சின்னப் பெட்டியில் கார்டைச் சொருகினால்தான் விளக்கும் ஏ.சி.யும் வரும். கார்டை எடுத்துக்கொண்டு வெளியே போனால் எல்லாம் அணைந்துவிடும். போனைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று நினைத்தால் திரும்பி வரும்போது அது அதே அளவில்தான் இருக்கும். சாப்பிடப் போகும் முன்பே சார்ஜ் ஏற்றிவிடுங்கள்.

அப்புறம் வாளி. புது ஹோட்டல் குளியலறைகளில் வாளியும் கிடையாது, மக்கும் கிடையாது. மேலே ஒரு ஷவர், பாதிக் கண்ணாடித் தடுப்பு, அவ்வளவுதான். தலைக்கு எண்ணெய் வைத்துச் சீயக்காய் போடுகிறவர்கள், தலை நனையாமல் உடம்புக்கு மட்டும் ஊற்றிக்கொள்ள வேண்டியவர்கள், முட்டி வலியால் நிற்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்து குளிக்கும் பெரியவர்கள் எல்லாம் என்ன செய்வார்கள்? நான் போன் செய்து கேட்டேன். அஸ்ஸாமிலிருந்து வந்து வேலை செய்யும் ஒரு தம்பி சிவப்பு வாளியும் மக்கும் கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஸ்டூல் வேணுமா அக்கா?" என்று அவனாகவே கேட்டான். எல்லாமே உள்ளே இருக்கிறது, கேட்டால்தான் வரும். இஸ்திரிப் பெட்டியும் அப்படித்தான். மொத்த ஹோட்டலுக்கும் ஒன்றோ இரண்டோதான் இருக்கும். நேர்காணலுக்கும் கலந்தாய்வுக்கும் வருகிறவர்கள் எல்லோரும் காலை ஏழு மணிக்கு அதைத்தான் கேட்பார்கள். முந்தின ராத்திரியே வாங்கித் தேய்த்து மாட்டிவிடுங்கள். கெட்டிலில் முதல் தடவை கொதிக்க வைக்கிற தண்ணீரைக் கீழே ஊற்றிவிட்டு இரண்டாவது தடவை வைப்பதைக் குடிக்கப் பயன்படுத்துங்கள். சிலர் அதில் முட்டை அவித்திருப்பார்கள், நூடுல்ஸ் போட்டிருப்பார்கள்.

அன்று ராத்திரி 11 மணிக்கு யாரோ கதவைத் தட்டினார்கள். நாங்கள் இரண்டு பெண்கள் மட்டும். மகள் எழுந்து போகப் பார்த்தாள், நான் பிடித்து நிறுத்திவிட்டு வரவேற்புக்குப் போன் செய்தேன். இரண்டு நிமிடத்தில் ஆள் வந்து பார்த்தார். மாடி மாறி வந்த ஒருவர் தன் அறை என்று நினைத்துத் தட்டியிருக்கிறார். ஒன்றும் நடக்கவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து நான் லிஃப்டுக்குப் பக்கத்து அறையைத்தான் கேட்கிறேன். கொஞ்சம் சத்தம் இருக்கும், ஆனால் ஆள் நடமாட்டம் இருக்கும். உள்ளே போனதும் கதவின் கண்துளை, உள்தாழ்ப்பாள், இன்டர்காம் மூன்றும் வேலை செய்கிறதா என்று பார்த்துவிடுவேன். பெண் பிள்ளைகளோடு போகிறவர்கள் வெட்கப்படாமல் செய்ய வேண்டிய வேலை இது.

ரயில் சத்தத்தைப் பற்றி எல்லோரும் கேட்கிறார்கள். சத்தம் இருக்கிறது. ஆனால் ரயில் ஓடும் சத்தம் ஒரே சீராக வந்து போய்விடும், அதில் தூங்கிவிடலாம். தூக்கத்தைக் கெடுப்பது சாலைப் பக்கத்து ஹாரனும் அதிகாலையில் ஆட்டோக்காரர்கள் கூப்பிடும் சத்தமும்தான். அதனால் 'ஸ்டேஷனைப் பார்த்த அறை வேண்டாம்' என்று கேட்பதைவிட, 'ரோட்டைப் பார்த்த அறை வேண்டாம்' என்று கேளுங்கள். இன்னொரு வகையும் உண்டு. ஜன்னலே இல்லாத உள்ளறை. இருநூறு, முந்நூறு ரூபாய் குறைவாக இருக்கும். ஒரு ராத்திரிக்குப் பரவாயில்லை. இரண்டாவது நாள் மூச்சு முட்டும், ஈரத்துண்டும் காயாது. ஜன்னல் உண்டா என்று போனிலேயே கேட்டுவிடுங்கள்; 'ஜன்னல் திறக்குமா, வெளிச்சம் வருமா' என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். பக்கத்துக் கட்டடத்துச் சுவரைப் பார்த்த ஜன்னலுக்கும் ஜன்னல் என்றுதான் பெயர்.

இரண்டாவது தடவை போனது மகள் வேலையில் சேர. இந்தத் தடவை முந்தின நாள் தேதியிலிருந்தே அறை போட்டேன். அதாவது திங்கட்கிழமை காலை 5.30-க்கு இறங்குகிறோம் என்றால், ஞாயிற்றுக்கிழமை இரவுக்கே வாடகை கட்டிவிட்டேன். ஒரு நாள் வாடகை அதிகம்தான். ஆனால் மதியம் வரை ஸ்டேஷனில் அலைந்து, ஆட்டோவுக்குக் கொடுத்து, புது இடத்துக்குக் கசங்கிய முகத்தோடு போவதற்குப் பதிலாக அந்தப் பணத்தைக் கொடுக்கலாம். இதில் கவனிக்க வேண்டியது, ஞாயிறு ராத்திரி பத்து மணிக்கெல்லாம் நீங்கள் வராவிட்டால், ஆள் வரவில்லை என்று சில இடங்களில் அறையை வேறு யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். 'ஹோட்டலில் பணம் கட்டுகிறேன்' என்று போட்ட புக்கிங் என்றால் இது நடக்கலாம். அதனால் முன்பணம் கட்டிவிட்டு, அன்று சாயங்காலமே ஹோட்டலுக்கு நேரடியாகப் போன் செய்து, "பாண்டியன்ல வர்றோம், காலைல அஞ்சரைக்கு வருவோம், அறையை வச்சிருங்க" என்று சொல்லி, பேசியவர் பெயரையும் குறித்துக்கொண்டேன். வேறொரு ஹோட்டலில் என் தங்கைக்கு, "ஆப்ல போட்டது எங்களுக்கு வரவே இல்லை" என்று ராத்திரி ஒரு மணிக்குக் கைவிரித்தார்கள். ஒரு போன் செய்திருந்தால் பகலிலேயே தெரிந்திருக்கும்.

நேரடியாகப் பேசுவதில் இன்னொரு நன்மை, விலை. ஆப்பில் காட்டிய விலையைச் சொல்லி, அதே விலைக்கோ கொஞ்சம் குறைத்தோ நேரடியாகத் தர முடியுமா என்று கேட்டால், பல நேரம் காலை டிபனையாவது சேர்த்துத் தருகிறார்கள். விலை என்று சொன்னதும் வரியையும் சேர்த்துக் கேளுங்கள். முதல் தடவை 1,800 ரூபாய் அறைக்கு 12 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டு 2,016 கட்டினேன். 2025 செப்டம்பர் 22 முதல், நாளொன்றுக்கு 7,500 ரூபாய் வரையிலான அறைகளுக்கு வரி 5 சதவீதமாகிவிட்டது. அதே 1,800 அறைக்கு இப்போது 1,890 வர வேண்டும். பில் கையில் வந்ததும் சதவீதத்தைப் பாருங்கள்.

ஸ்டேஷன் பக்கத்தில் என்று போட்டிருந்தால், எந்தப் பக்கத்தில் என்று பார்க்க வேண்டும். எழும்பூர் நிலையத்துக்கு முன்பக்கம் காந்தி இர்வின் சாலை, பின்பக்கம் பூந்தமல்லி நெடுஞ்சாலை. நடுவே இத்தனை தண்டவாளங்கள். வரைபடத்தில் நேர்கோடு போட்டு 200 மீட்டர் என்று காட்டும். மூட்டையோடு படியேறி, பாலத்தைக் கடந்து, மறுபக்கம் இறங்கி நடந்தால் கால் மணி நேரம் ஆகிவிடும். இப்போது மறுசீரமைப்பு வேலை நடப்பதால் சில வழிகளை அடைத்துவைத்திருக்கிறார்கள். ஆகவே 'எந்த வாசல் வழியாக வந்தால் பக்கம்' என்று ஹோட்டலையே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வேலையின் காரணமாகச் சில வண்டிகளைத் தாம்பரத்தோடு நிறுத்திய நாட்களும் உண்டு. எழும்பூரில் அறை போட்டுவிட்டுத் தாம்பரத்தில் இறக்கிவிட்டால், விடிகாலையில் மூட்டையோடு மின்ரயில் மாற வேண்டியிருக்கும். புறப்படுவதற்கு முந்தின நாள் வண்டி எதுவரை போகிறது என்று ஒரு தடவை பாருங்கள்.

வெளியே வந்தவுடன், "அந்த ஹோட்டலா? அது மூடிட்டாங்களே, வேற நல்ல இடம் இருக்கு, வாங்க" என்று சொல்கிற ஆட்களை நம்பாதீர்கள். எங்களிடமும் ஒருவர் அப்படிச் சொன்னார். போனை எடுத்து ஹோட்டலுக்கே பேசி ஸ்பீக்கரில் போட்டேன், விலகிப் போய்விட்டார்.

அடையாள அட்டை விஷயம் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அறையில் தங்கும் பெரியவர்கள் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கேட்பார்கள். குடும்பத்தில் ஒருத்தர் அட்டை போதும் என்று நினைத்து வராதீர்கள். இரண்டாவது தடவை வரவேற்பில் வேறு ஒரு பையன் இருந்தான். ஜெராக்ஸ் மெஷின் வேலை செய்யவில்லை என்று தன் சொந்தப் போனை எடுத்து மகளின் ஆதாரைப் போட்டோ பிடித்துவிட்டான். மகள் உடனே, "இதை அழிச்சிடுங்க, ஹோட்டல் மெயிலுக்கு நானே அனுப்புறேன்" என்றாள். அவன் முகம் மாறினாலும், எதிரிலேயே அழித்தான். அவள் அனுப்பியது முகமூடி ஆதார். ஆதார் இணையதளத்திலேயே பதிவிறக்கலாம், எண்ணின் கடைசி நாலு இலக்கம் மட்டும்தான் தெரியும். ஒரு இளம்பெண்ணின் படமும் வீட்டு விலாசமும் முன்பின் தெரியாத ஒருவரின் போனில் கிடக்க வேண்டாம். இதை அவளிடமிருந்துதான் நான் கற்றுக்கொண்டேன்.

வேலையில் சேர வந்த அந்த மூன்று நாளில் பகல் முழுக்க மகள் தங்க விடுதி தேடினோம். வேப்பேரி, புரசைவாக்கம், சேத்துப்பட்டு என்று நடந்தே பாதி. எழும்பூரில் தங்கியதன் பலனை அப்போதுதான் முழுசாக உணர்ந்தேன். மின்ரயிலும் அங்கேயே, மெட்ரோவும் அங்கேயே. மெட்ரோவில் அடுத்த நிலையம் சென்ட்ரல். எதிர்ப்பக்கம் போனால் கோயம்பேடு, வடபழனி, ஆலந்தூர். கடைசியில் தாம்பரத்தில் தமிழக அரசு நடத்தும் 'தோழி' பணிபுரியும் மகளிர் விடுதியில் இடம் கிடைத்தது. போகும்போது வரும்போது ஒரே மின்ரயில். எனக்கு நெஞ்சு லேசானது.

கிளம்புகிற நாளில் மறுபடியும் நேரப் பிரச்சினை. காலை 11 மணிக்கு அறையைக் காலி செய்ய வேண்டும், ஊருக்கு வண்டியோ ராத்திரி ஒன்பதரைக்கு மேல். நடுவில் பத்து மணி நேரம். பையை ஹோட்டலில் இலவசமாகவே வைத்துக்கொள்கிறார்கள், டோக்கன் வாங்கிக்கொள்ளுங்கள். சான்றிதழ் ஃபைல், நகை, பணம் மூன்றும் அந்தப் பையில் இருக்கக் கூடாது. ஸ்டேஷன் பொருள் வைப்பறை என்றால் பையில் பூட்டு இருக்க வேண்டும், டிக்கெட்டும் காட்ட வேண்டும். உடம்புக்கு முடியாதவர்கள் கூட இருந்தால், ரயில்வே ஓய்வறையைப் பாருங்கள். உறுதியான அல்லது ஆர்.ஏ.சி. பி.என்.ஆர். எண் இருந்தால் ஐ.ஆர்.சி.டி.சி. வழியாகப் பதிவு செய்யலாம், அதிகபட்சம் 48 மணி நேரம். வேலை நடக்கும் நிலையங்களில் அறை திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு அன்று அதெல்லாம் தேவைப்படவில்லை. பாந்தியன் சாலையில் அரசு அருங்காட்சியகத்துக்கு நடந்தே போனோம். 1851-இல் தொடங்கியது. அங்கே வெண்கலச் சிலைகள் இருக்கும் கூடத்தில், ஒரு நடராசர் சிலையின் இடுப்புத் துணி மடிப்பை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். உலோகத்தில் அவ்வளவு மெல்லிசாக மடிப்பு வைத்திருக்கிறார்கள். பல்லவர் கால, சோழர் கால சிற்பங்கள் என்று மகள் ஒவ்வொன்றாகப் படித்துச் சொன்னாள். தேர்வுக்குப் படித்ததெல்லாம் அவள் வாயிலிருந்து வந்துகொண்டே இருந்தது. வெள்ளிக்கிழமை விடுமுறை, அன்று போய் ஏமாறாதீர்கள்.

மூன்றாவது தடவை, வருடக் கடைசியில், நான் மட்டும் போனேன். மகளுக்கு இரண்டு நாள் லீவு, அவளும் அறைக்கே வந்துவிட்டாள். இந்தத் தடவை கடைசி நாளுக்குச் சாயங்காலம் வரை அரை நாள் வாடகை பேசிக்கொண்டேன். மதியம் அவளுக்குத் தலையில் எண்ணெய் வைத்துவிட்டேன். வாளி கேட்டேன், அதே அஸ்ஸாம் தம்பிதான் கொண்டுவந்தான். ஸ்டூலும் சேர்த்துக் கொண்டுவந்திருந்தான். நாலாவது மாடி, ஜன்னல் வழியாக 1908-இல் திறந்த எழும்பூர் ஸ்டேஷனின் சிவப்புக் கட்டடக் குவிமாடங்கள் தெரிந்தன. தலை காயும் வரை அங்கேயே உட்கார்ந்து, அலுவலகத்தில் எந்த ஃபைல் எந்த மேஜைக்குப் போகும், யார் நல்லபடியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஏழு மணிக்கு அறையைக் காலி செய்து, பையைக் கீழே வைத்துவிட்டு, எதிரே இருந்த மெஸ்ஸில் ஆளுக்கு இரண்டு தோசை.

ஒன்பது மணிக்கு, "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று ஸ்டேஷனிலிருந்து அறிவிப்புக் குரல் சாலை வரை கேட்டது. பாண்டியன் எந்த நடைமேடை என்று சொல்லும் வரை அவளும் நின்று கேட்டாள். பையை என் கையிலிருந்து அவளே வாங்கிக்கொண்டாள். தாம்பரம் போகும் மின்ரயில் இந்த நேரத்தில் கூட்டமில்லாமல் இருக்குமா என்று கேட்டேன். "பெண்கள் பெட்டில ஏறிக்கிறேன்மா, போய் இறங்கினதும் மெசேஜ் போடுறேன்" என்றாள். வண்டி செங்கல்பட்டு தாண்டுவதற்குள் மெசேஜ் வந்துவிட்டது.